பொருட்கள்: நூல், முடி, மெழுகு

'இழுத்த நூலை எறியாதீங்க, எனக்கு வேணும்'
என்று போன ஆடியில் வந்து கேட்டாள்.
செய்வினையோ என்று பயந்தேன்.
ஆர்ட் என்றாள்.
இரண்டுக்கும் முடிதான் வேண்டும்போல.

எஸ்தர். பசுமலைக்காரி. பரோடாவில் படித்தவள்.
தன் புருவத்தை ஒருநாளும் என்னிடம் தந்ததில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒரு கல்பாலம்,
அதை அப்படியே வைத்துக்கொண்டு
என் பிஸ்கட் டப்பாவை மட்டும் மாதாமாதம் காலி செய்தாள்.

கீழமாரட் வீதி, வெங்காய குடோன்.
கூட்டிக் கழுவி வெள்ளையடித்தும் வாசம் போகவில்லை.
வந்தவர்கள் கண் கலங்கியது
எதனால் என்று சொல்வதற்கில்லை.

ஒரு சுவரில் ஃபவுண்டேஷன் அட்டை, ஆள் உயரத்துக்கு.
தந்தம், மணல், தேன், கோதுமை
என்று கட்டம் கட்டமாக இறங்கி
கடைசிக் கட்டம் பச்சை.
அதன் அடியில் பெயர் இல்லை.
இந்த ஊரில் எழுத வேண்டியதுமில்லை.

மறுசுவரில் என் நூல்கள்.
பதினெட்டு முழம் வெள்ளைத் துணியில்
ஒவ்வொன்றாக வைத்துத் தைத்திருந்தாள்.
தள்ளி நின்றால் சாரல்.
கிட்டே போனால் முடி.

எல்லோருக்கும் முடி.
எனக்குக் கையெழுத்து.

இது வில்லாபுரம், பன்னிரண்டாம் வகுப்பு.
பையன்கள் மீசை என்று கூப்பிட்ட மறுநாள்
அப்பாவின் ரேசரால் இழுத்து
உதடு கிழிந்து வந்து நின்றவள்.
இந்த மூன்றும் ஒரே புருவம்,
பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாருக்கு.
மூன்றாவது முறை, 'வளைவை மாத்திப் போடுக்கா,
இது ராசியில்ல' என்றாள்.
இந்த முரட்டுச் சுருள் புருவமில்லை, தாடை.
செவ்வாய் மதியம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து
துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு வருவாள்.
கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்வாள்.
பெயர் சொல்ல மாட்டேன்.

மைக்கில் ஒரு பேராசிரியை
அழகு என்பது வன்முறை என்றார்.
தலையாட்டினேன். வன்முறைதான், அறுபது ரூபாய்.
மகளுக்கு வேன் ஃபீஸ் அதில்தான்.
ஆனால் மேடம்,
நாற்காலியில் தலை சாய்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.
சோறு கேட்காத கை
நெற்றியில் பட்டு எத்தனை நாளோ.
அந்தத் தூக்கத்தை எந்த ஊசியால் தைப்பாள் எஸ்தர்?

கேட்கவில்லை. பஜ்ஜி கொடுத்தார்கள், தின்றேன்.

துணியின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டை.
பொருட்கள்: பருத்தி நூல், மனித முடி, மெழுகு.
விலை: எழுபதாயிரம்.

இரண்டு தரம் படித்தேன்.
நூலின் ஒரு நுனி இந்தக் கையில், ஒரு நுனி அந்தக் கையில் என்றால்
மூன்றாவது இழுப்பு எப்போதும் என் பல்லில்.
பதினொரு வருடம் அறுத்து அறுத்து
கீழ்வரிசையில் ஒரு பல்லுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது.
நாக்கு சும்மா இருக்கும்போது அங்கேதான் போய் உட்காரும்.

கைப்பையில் ஐப்ரோ பென்சில் இருந்தது.
மெழுகுக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு எழுதினேன்:
எச்சில், பாண்டீஸ்வரி, பீபீகுளம்.

எஸ்தர் பார்த்தாள்.
அந்தக் கல்பாலம் கொஞ்சம் தூக்கி இறங்கியது.
அழிக்கவில்லை.
விலையையும் தொடவில்லை.

மறுநாள் செவ்வாய்.
மதியம் அவள் வந்தாள், துப்பட்டாவோடு.
கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.
தாடையை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டே
இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டாள்:
'ஏங்க்கா, இந்த நூலெல்லாம் அப்புறம் என்ன பண்ணுவீங்க?'

குப்பைதான் என்றேன்.
பல்லில் நூல் இருந்தது.
பொய் சரியாக வாயைவிட்டு வரவில்லை.